அறைக்குள் ஓர் அறை

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த அறிவுத்துறைகளில் சமூகவியலுக்கு ஈடானது எதுவும் இல்லை என்பதை, அதைப் பள்ளியில் படித்தவள் என்ற முறையில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். வேதியியலுக்கு அமிலம் வேண்டும். இயற்பியலுக்கு ஊசல் வேண்டும். சமூகவியலுக்குச் சமூகம் மட்டும் போதும். அது எல்லாத் தெருக்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

இதை உணர்ந்த பள்ளி நிர்வாகம், கால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறையைத் தூசி தட்டி, ‘சமூக ஆய்வு மையம்’ என்று பலகை மாட்டியது. பெஞ்சுகளை மட்டும் அகற்றவில்லை. சமூகத்தின் நலிந்த பிரிவினரை நேரில் பார்த்தபடியே படிக்கட்டும் என்ற தொலைநோக்காக இருக்கலாம்.

பாடம் நடத்த உடற்கல்வி ஆசிரியர் நியமிக்கப்பட்டார். ஓடச் சொல்வதிலும் நிற்கச் சொல்வதிலும் நீண்ட அனுபவம் உள்ளவர். சமூகத்துக்கு வேறென்ன வேண்டும்? எதைக் கேட்டாலும் வரையறை சொல்வதால் எங்களுக்கு அவர் ‘வரையறை சார்’. துறை மாறியும் கழுத்து விசிலை அவர் கழற்றவில்லை. ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நீளமாக ஊதுவார்.

மூன்றாம் பாடம் குடும்பம். “குடும்பம் என்பது அன்பினால் கட்டப்பட்ட அடிப்படைச் சமூக அலகு.” விசில். நான்காம் பாடம் குற்றம். “குற்றம் என்பது சமூக ஒழுங்கைக் குலைக்கும் செயல்.” புத்தகத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பக்கம் இருந்தது. தேர்வுக்கு வராத பக்கம் என்பதால் எல்லோரும் அதில் பூ வரைந்தோம்.

பிறகு ‘களப்பணி’ வந்தது. ஆளுக்கு இரண்டு நிகழ்ச்சிகள் எழுத வேண்டும்: குடும்பத்துக்கு ஒன்று, குற்றத்துக்கு ஒன்று. குடும்பம் எல்லோரிடமும் கையிருப்பில் இருந்தது. குற்றத்துக்குத்தான் தட்டுப்பாடு. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் என்றால் பனி கொட்டும், பாலத்தடியில் பிணம் கிடக்கும், நீளக் கோட்டுப் போட்ட ஒருவர் பெருமூச்சு விட்டபடி வந்து குனிந்து பார்ப்பார். எங்கள் பஸ் நிறுத்தத்தில் தூறல்கூட இல்லை. ஆனாலும் சமூகம் என்னைக் கைவிடவில்லை. “உள்ளே ஏறி நில்லுங்க” என்று சொன்ன கண்டக்டரை ஒரு பயணி ஓங்கி ஓர் அறை விட்டார். பஸ் நின்றது. கூட்டம் கூடியது. போலீஸ் ஜீப் வந்து அறைந்தவரை ஏற்றிக்கொண்டு போனது. சமூக ஒழுங்கு என் கண்ணெதிரே குலைந்து, என் கண்ணெதிரே சரியானது.

அதே வாரம் அக்கா வீட்டுக்கு வந்தாள், ஒரு கன்னம் மட்டும் குண்டாகி.

“பல்வலியாக்கா?”

“அத்தான்வலி” என்றாள்.

உடனே சித்தப்பா வரவழைக்கப்பட்டு, கூடத்தில் ‘பேச்சுவார்த்தை’ நடந்தது. அப்பா தலைமை. சித்தப்பா முன்னிலை. அம்மா டீ.

“மாப்பிள்ளை தங்கமானவர்தான். கோபம் வந்தாத்தான் கண்ணுமண்ணு தெரியாது” என்றார் சித்தப்பா. அத்தான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்பதால் எனக்கு இது கவலை அளித்தது.

“நீ என்னம்மா பண்ணினே?” என்றார் அப்பா.

“சட்டைக்கு இஸ்திரி போட மறந்துட்டேன்.”

“மறக்கலாமா?”

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்து அக்காவை அழைத்துப்போவார் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. “நான் போக மாட்டேன்” என்றாள் அக்கா. தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டதால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வழியில்லை.

நான் இரண்டு அறைகளையும் நான்காம் பாடத்தின் கீழ் எழுதிக் கொடுத்தேன். வரையறை சார் கூப்பிட்டனுப்பினார்.

“என்ன இது, ரெண்டும் குற்றத்துலயே கிடக்கு?”

“ரெண்டும் அறை சார்.”

“முதல் அறை எங்க விழுந்தது?”

“தெருவுல சார்.”

“ரெண்டாவது?”

“அறையில சார்.”

“அப்படிச் சொல்லு. அறைக்குள்ள விழுந்தா அதுக்குப் பேர் அறை இல்ல, ‘கருத்து வேறுபாடு’. மூணாம் பாடம், கடைசிப் பத்தி.”

“கன்னம் வீங்கியிருக்கு சார்.”

“கருத்து கொஞ்சம் பலமா வேறுபட்டிருக்கு.”

“எதை வச்சு சார் பிரிக்கிறது?”

“வாசப்படி! இந்தப் பக்கம் குடும்பம், அந்தப் பக்கம் குற்றம்” என்று சொல்லி, மறக்காமல் விசில் ஊதினார்.

எத்தனை தத்துவவாதிகள் தாடி வளர்த்தும் தீராத குழப்பம், ஒரு படிக்கல்லில் தீர்ந்தது! அன்று மாலையே அக்காவுக்கும் இந்த ஞானத்தைப் பகிர்ந்தேன். பாட்டு வகுப்பில்கூட அவள் இவ்வளவு கவனமாக உட்கார்ந்ததில்லை.

“படியைத் தாண்டி நின்னா நாலாம் பாடமா?”

“ஆமாக்கா.”

“படி மேலயே நின்னா?”

“அது தேர்வுக்கு வராது.”

ஞாயிற்றுக்கிழமை அத்தான் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா அக்காவின் துணிப்பையைக் கட்டி வாசலருகே வைத்தாள். அறையிலிருந்து வந்த அக்கா யாரையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, எதிர்ச் சலவைக் கடைக்கு முன்னால் நடுத்தெருவில் போய் நின்றாள்.

“நான் வரலைங்க. இனிமே வரமாட்டேன்” என்றாள் உரக்க.

“திமிரா?” என்று அத்தான் ஓங்கிய கையோடு பாய்ந்து வந்தார். வாசற்படி வந்தது. அத்தான் நின்றார்.

“அடிக்கணும்னா இறங்கி வந்து அடிங்க. இங்க நாலாம் பாடம்.”

அத்தான் சலவைக் கடையைப் பார்த்தார். அடுத்த வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தார். கண்ணுமண்ணு தெரியாதவருக்கு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்த முகம்வரை தெரிந்தது. ஓங்கிய கை மெல்லத் தலைக்குப் போய் முடியைக் கோதியது.

“என்ன விளையாட்டு இது? உள்ள வா, பேசிக்கலாம்” என்றார், சிரித்தபடி.

“பேசறதுக்குக் கதவு எதுக்குங்க?”

“உள்ள வாம்மா” என்றார் அப்பா.

“மானம் போகுதுடி, உள்ள வா” என்றாள் அம்மா.

“எதுவா இருந்தாலும் உள்ள” என்றார் சித்தப்பா.

பால் பாக்கெட்டோடு அந்த வழியாக வந்த வரையறை சாரும் நின்று, “உள்ள போய்ப் பேசுங்கம்மா” என்றார். பழக்கதோஷத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், எந்தப் பாடம் நடக்கிறது என்று புரியாமல் இறக்கிவிட்டார்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். சலவைக் கடைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு, “இரு கண்ணு, நானும் வரேன். அங்கயும் மொதல்ல வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கோங்கன்னுதான் சொல்லுவாங்க. ஒருத்திக்கு ரெண்டு பேரா நின்னு கேட்போம்” என்று கூடவே போனார்.

சமூகவியல் கடினமான பாடம் என்று சிலர் புலம்புகிறார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். ஒரு வகுப்புக்கும் போகாமலேயே எல்லோரும் முதல் தரத்தில் தேறியவர்கள். வீங்கிய கன்னத்தோடு அக்கா படியேறி வந்த அன்று, யாரும் சொல்லித் தராமலேயே, அப்பா எழுந்து போய் முதல் வேலையாகத் தெருக்கதவைச் சாத்தினார்.