நுரைக்காத சோப்பும் என் முதல் கடிதமும்

அன்பும் அறிவும் நிறைந்த மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். உன் கிரீஸ் நலமில்லை.

என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. நல்ல சேதியோடு தொடங்க ஆசைப்பட்டேன், கொடுத்து வைக்கவில்லை. பஸ் டிப்போவில் நாளைக் காலை மாதிரிக்கு ஒரு டப்பா கேட்கிறார்கள், பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க நம் கிரீஸ்தான் என்று சொல்லி, செய்முறைத் தாளை நீட்டினாய். "படிச்சுக் காட்டவாப்பா?" என்றாய். "எனக்கா?" என்று மார்தட்டினேன். அதுதான் வினை. எழுத்துக்கூட்டி, கொழுப்பையும் சுண்ணாம்பையும் கொஞ்சம் எண்ணெயோடு காய்ச்சினேன். சோப்பாச்சு. நுரைக்கத் தெரியாத சோப்பு, எண்ணெயைப் பிடித்து வைப்பதே அதன் வேலை என்பாயே, அதே சோப்பு. கடைசி வரி, 'தண்ணீர் முழுவதும் ஆவியானதும் அடுப்பை அணைக்கவும்.' 'ஆவியானதும்' என்று நான் கூட்டி முடிப்பதற்குள் எல்லாம் ஆவியாகிவிட்டது. அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், எண்ணெய் மேலே, சோப்பு கட்டி கட்டியாகக் கீழே, பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி முகம் திருப்பிக்கிட்டு நிக்குது. பக்கத்துப் பட்டறை வெல்டர் வந்து, "என்ன பெரியவரே, பால் திரிஞ்சு போச்சா?"ன்னார். உன் அம்மா சும்மா இருப்பாளா? "படிக்கத் தெரியாத வரைக்கும் இந்த மனுஷன் எதையும் கெடுத்ததில்லப்பா"ன்னு அவர்கிட்டயே சொல்றா. மூணு மாசமா நீ அலைஞ்சு பிடிச்ச ஆர்டர். உன் முகத்தில் முழிக்கத் தைரியமில்லை. இதை உன் மேசையில் வைத்துவிட்டு உன் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன். பையில் ரெண்டு சட்டையும் என் எழுத்து நோட்டும் எடுத்து வச்சாச்சு. தேட வேண்டாம்.

நீ நீடூழி வாழ்க. உன் டப்பாக்கள் என்றும் நிறைக.

உன் அப்பா

பின்குறிப்பு: இடம் முடிந்ததால் தாளைத் திருப்பினேன். தாளுக்குப் பின்பக்கம் உண்டு! ஓடிப்போய் உன் செய்முறைத் தாளையும் திருப்பினேன். 'எண்ணெய் பிரிந்து நிற்கும், பயப்படாதீங்கப்பா. சூடு இறங்கட்டும். அண்டாவின் வெளிப்பக்கம் சொட்டுத் தண்ணீர் பட்டுச் சீறாதபோது, ரெண்டு குவளை தண்ணீர் ஊற்றிக் கிண்டுங்க. அந்தக் கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் சோப்பு நார்நாராக நின்று எண்ணெயைப் பிடிக்கும்.' நான் இந்தக் கடிதத்தை மூன்று மணி நேரமாக எழுதியதில் சூடு சரியாக இறங்கியிருந்தது. சொட்டு விட்டேன், சீறவில்லை. ஊற்றினேன். வெல்டரும் கைகொடுத்துக் கிண்டினார். வெண்ணெய் மாதிரி திரண்டு வந்தது மகளே! உன் அம்மா விரலால் வழித்துப் பார்த்து, "வேகமா எழுதத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் ஓடிப் போயிருப்பீங்க" என்றாள். சட்டைகள் கொடிக்குத் திரும்பிவிட்டன. மாதிரி டப்பா உன் மேசையில், இந்தக் கடிதத்தின் மேல்.

ஆகவே முன்பக்கத்தைப் படிக்காமல் நேராக இந்தப் பக்கத்துக்கு வரவும்.