புள்ளிக்காய்ச்சலும் மாசிலாமணி நரியும்

ஒரு காட்டில் செங்கமலம் என்றொரு கீரி இருந்தது. மற்ற கீரிகள் பாம்பைத் தேடிப் போக, இது கிருமியைத் தேடிப் போனது. தொற்றுநோய் ஆராய்ச்சிக்குப் படித்துவிட்டு வந்து, காலியாகக் கிடந்த ஒரு புற்றில் ஆய்வகம் வைத்திருந்தது. காடே அதை டாக்டரம்மா என்று கூப்பிட்டது.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் புள்ளிக்காய்ச்சல் பரவியது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. பத்தாம் நாள் மூச்சு நின்றுவிடும். புள்ளிமான்களுக்கு வந்தால் யாருக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அதனால் அவைதான் அதிகம் செத்தன.

செங்கமலம் அக்கரைக்குப் போய்ப் பார்த்தது. அங்கே மரநாய்கள் மட்டும் ஒன்றும் ஆகாமல் திரிந்தன. விசாரித்தால், குட்டியாக இருந்தபோது அவற்றுக்கு இதே காய்ச்சல் லேசாக வந்து போயிருந்தது.

"உடம்புக்குள்ளே காவல்காரங்க இருக்காங்க. திருடன் மூஞ்சியை ஒருதடவை காட்டிட்டா போதும், அடுத்த தடவை வாசல்லயே பிடிச்சிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே, கிருமியின் வீரியத்தைக் குறைத்து மருந்து செய்தது. முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டது. மூன்று நாள் காய்ச்சல், ஏழு புள்ளி. தேறியதும் நோயாளிகளுக்கு நடுவே பத்து நாள் போய் உட்கார்ந்தது. தினமும் காலையில் பயந்துபோய் வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை.

இக்கரையில் முகாம் போட்டார்கள். வரிசையில் முதலில் நின்றது ஆமை. சேதி காதில் விழுந்த அன்றே அது கிளம்பியிருந்தது. யானை சம்மதப் படிவத்தில் கால்ரேகை வைத்ததும் படிவத்தைக் காணோம். முள்ளம்பன்றிக்கு ஒரு ஊசி போடுவதற்குள் டாக்டரம்மாவுக்கு நாலு ஊசி ஏறிவிட்டது. எப்படியோ காடு முழுக்கப் போட்டு முடித்தார்கள்.

அக்கரையில் பாதிக் காடு காலியானது. இக்கரையில் ஒரு தும்மல்கூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து வக்கீல் மாசிலாமணி நரி, ஆய்வகத்தை மூடச் சொல்லிக் காட்டுத் தலைவர் காட்டெருமையிடம் மனு கொடுத்தது. காட்டுச் சபை கூடியது.

"தலைவரே, ஊசி போடாத அக்கரையில நோய் வந்துச்சு. போடலாம், நியாயம். இங்கதான் நோயே வரலையே! வராத நோய்க்கு எதுக்கு ஊசி?"

"ஊசி போட்டதாலதான் வரலை" என்றது செங்கமலம்.

"அதனாலதான் வரலைங்கறதுக்குச் சாட்சி யாரு?"

"நீங்க எல்லாரும் உயிரோட இருக்கீங்களே!"

"நாங்க அதுக்கு முந்தியும் உயிரோடதான் இருந்தோம்."

சபை கைதட்டியது. யானைகூட, "எனக்கு ரெண்டு நாள் தும்பிக்கை வலிச்சுதுங்க" என்றது. ஆய்வகத்துக்குச் சீல் வைத்தார்கள். செங்கமலம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த மாதம் ஒரு கேஸுக்காக அக்கரைக்குப் போய்வந்த நரிக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் அதை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஊசிக்குப் பயந்து, ஒரு முயலின் ஊசிச் சான்றிதழில் பெயரை மட்டும் மாற்றி எழுதி வைத்திருந்ததாம்.

"டாக்டரம்மா," என்று முனகியது நரி, "அன்னைக்குப் பேசினதெல்லாம் கேஸுக்காகப் பேசினது. மனசுல வெச்சுக்காதீங்க."

செங்கமலம் எழுந்து ஆய்வகத்துக்குப் போனது. வாசலில் வைத்த சீலை உடைத்தது. தன் ரத்தத்தையே எடுத்து, அதிலிருந்து தெளிநீரைப் பிரித்து நரிக்கு ஏற்றியது. தன்னிடம் இருந்த காவல்காரர்களை நரிக்குள் அனுப்பி வைத்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி கொடுத்தது. பதினோராம் நாள் நரி எழுந்து வெயிலில் வந்து நின்றது.

இனி நரி திருந்திவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? அதற்கு அவசியமே ஏற்படவில்லை. காடு நரியைத் தோளில் தூக்கி ஊர்வலம் போனது. "செத்துப்போக இருந்தவரைப் பிழைக்க வெச்ச மகராசி!" என்று டாக்டரம்மாவுக்குப் பாராட்டு விழா நடந்தது. பிழைத்த நரியே விழாக் குழுத் தலைவர்.

மேடையில் செங்கமலம், "அன்னைக்கு உங்க எல்லாரையுமே..." என்று ஆரம்பித்தது. காட்டெருமைத் தலைவர் அவசரமாகப் பொன்னாடை போர்த்தியதில் அதன் வாய் மூடிக்கொண்டது.

நீதி: ஒரு காட்டையே நோயிலிருந்து காப்பாற்ற நினைக்கும் ஆராய்ச்சியாளர், ஊசி போடாத நரி ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.