மெஷினில் கரண்ட் இல்லையாம்

ஒரு காட்டில், அங்கேயும் கரண்ட் வந்து சேர்ந்த பிற்பாடு, ஒரு தேன் ஆலை இருந்தது. சிங்கம்தான் முதலாளி. தேனீக்கள் கொண்டுவந்து கொட்டும், மற்ற மிருகங்கள் பாட்டிலில் அடைக்கும், சிங்கம் நிழலில் படுத்துக்கொண்டு தான்தான் ஆலையை நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும். ஆலை வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை. அதன் கீழே தினமும் ஒரு நாளைக் கூட்டி எழுதுவார்கள். நூறு நாள் ஆனால் எல்லோருக்கும் பாயசத்தோடு விருந்து என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

தொண்ணூற்றாறாம் நாள் காலை, செங்கம்மா என்ற செம்மறியாடு பாட்டில் கழுவும் மெஷினில் முன்னங்காலை வைத்தாள். அடுத்த நொடி எதிர்ச் சுவரில் போய் விழுந்தாள். கூட வேலை செய்யும் எருமை மூக்காயி ஓடிவந்து தூக்கி நிறுத்தினாள். செங்கம்மாவின் ரோமம் மொத்தமும் புஸ்ஸென்று பூரித்து, அவள் முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்காகத் தெரிந்தாள்.

"முடிக்கு என்னடி போட்டே? அம்சமா இருக்கு" என்றாள் மூக்காயி.

செங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. இந்த முறை மெஷின் தூக்கி எறிந்துவிட்டது. அடுத்த முறை விடாமல் பிடித்துக்கொண்டால்? கழுவுகிற இடம், தரை எந்நேரமும் சொதசொதவென்றுதான் இருக்கும். நாளைக்கும் அதே மெஷின், அதே ஈரம், அதே செங்கம்மா. நேரே மேற்பார்வையாளர் நரியாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். நரியார் முதலில் பலகையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நாலு நாள் பொறுத்து ஷாக் அடிச்சிருக்கக் கூடாதா, செங்கம்மா?"

அது தன் கையில் இல்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. அவளும் நகர்வதாக இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் மின் சம்பவப் படிவம் என்று ஒன்றை எடுத்துப் போட்டார், மூன்று பிரதி. முதல் கேள்வியே, ஷாக் அடிப்பதற்கு முன் எழுத்து மூலம் அனுமதி பெற்றீரா என்பது. அடுத்தது, இதே ஷாக் இதற்கு முன் வேறு எங்காவது அடித்திருக்கிறதா என்பது. சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அந்தச் சாட்சியும் அதே நேரத்தில் அதே இடத்தைத் தொட்டிருக்க வேண்டும். மூக்காயி தங்கமான மனசுக்காரி. "நான் ஒருதரம் தொட்டுட்டு வந்து போட்டுடறேன்" என்று கிளம்பியே விட்டாள். அவளை வாலைப் பிடித்து இழுத்து நிறுத்துவதற்குள் செங்கம்மாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஆனாலும் படிவம் போய்ச் சேர்ந்தது. விசாரணை அதிகாரியும் வந்தார். காக்கை கரியமாணிக்கம். மின்சாரத்தைப் பற்றி அந்தக் காட்டில் அவரளவுக்குத் தெரிந்தவர் யாரும் கிடையாது, ஏனென்றால் அவர் பிறந்ததிலிருந்து கரண்ட் கம்பியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் அப்பா உட்கார்ந்திருந்ததும் அதே கம்பிதான். முதல் நாள் முழுக்கக் கம்பியில் உட்கார்ந்து கரண்டை விசாரித்தார். அதன் மேல் எந்தத் தப்பும் தெரியவில்லை. மறுநாள் பறந்துவந்து மெஷின் தலையில் அமர்ந்தார், இப்படியும் அப்படியும் நடந்தார், இரண்டு கொத்துக் கொத்தினார். ஒன்றும் ஆகவில்லை.

செங்கம்மா பணிவாகவே சொன்னாள். "ஐயா, மெஷின்மேல இருந்துக்கிட்டே ஒரு காலை மட்டும் கீழே ஈரத்துல வச்சுப் பாருங்க."

"விசாரணை அதிகாரி தரையில் கால் வைக்கிற வழக்கம் எங்க பரம்பரையிலேயே இல்லம்மா" என்றார் கரியமாணிக்கம்.

அன்று மாலையே அறிக்கை வந்துவிட்டது. மெஷினில் கரண்ட் இல்லை. ஆட்டுக்குக் கால்கள் அதிகம். இனிமேல் கவனமாகத் தொட வேண்டும். அறிக்கையை நரியார் கண்ணாடிச் சட்டம் போட்டு மெஷினுக்கு மேலேயே மாட்டினார். நூறாம் நாள் பூஜை முடிந்ததும் செங்கம்மா மறுபடி அந்த மெஷினுக்கே போக வேண்டும் என்று உத்தரவும் போட்டார். அந்த இரண்டு நாளும் அவள் புல்லைத் தொடவில்லை.

நூறாம் நாள் விடிந்தது. பாயசம் கொதிக்கிற வாசனை ஆலை முழுக்க மணத்தது. மெஷின்களுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று, பொட்டு. முதல் பொட்டை முதலாளிதான் வைக்க வேண்டும். எந்த மெஷினுக்கு என்று கேட்டபோது நரியார், விசாரணையில் ஜெயித்த மெஷின் இருக்கிறதே என்று அழைத்துப் போனார். சிங்கம் குழைத்த சந்தனத்தைக் கை நிறைய அள்ளிக்கொண்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றது. செங்கம்மாவுக்குப் பதறியது. வேண்டாம் முதலாளி, தொடாதீங்க என்று கத்தினாள். நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று நரியார் அவள் வாயைப் பொத்தினார்.

சிங்கம் பொட்டு வைத்தது.

அப்படி ஒரு கர்ஜனையை அந்தக் காடு அதுவரை கேட்டதில்லை. அது நடுநடுவே விட்டு விட்டு வந்தது. கரியமாணிக்கம் கம்பியை விட்டே பறந்துபோனார். செங்கம்மா நரியாரின் கையைக் கடித்து உதறிவிட்டு ஓடி, மெயின் ஸ்விட்சை முட்டி அணைத்தாள். சிங்கம் தொப்பென்று உட்கார்ந்தது.

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். இது விபத்து என்றால் நூறு பூஜ்யமாகிவிடும், பாயசமும் போய்விடும். பழியை யாராவது ஏற்கவும் வேண்டும். அதற்குள் நரியாரின் கடிபட்ட விரல் செங்கம்மாவை நோக்கி நீண்டுவிட்டது.

உயிர் போகிற அவசரத்தில்தான் அவளுக்கு அது கண்ணில் பட்டது. நாலைந்து வருஷமாகக் கொட்டிக் கொட்டி, கழுத்தோடு படிந்து கிடந்த முதலாளியின் பிடரிமயிர் இப்போது சுற்றிலும் சிலிர்த்து நின்றது.

"முதலாளி, உங்க பிடரி இன்னைக்குத்தான் ராஜா பிடரியா இருக்கு."

யாரோ பாயசத் தட்டைத் துடைத்து நீட்டினார்கள். சிங்கம் அதில் முகம் பார்த்தது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது, வலப்பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு, இவ்வளவு உசத்தியான மெஷினில் இத்தனை நாள் பாட்டில் கழுவினீர்களா என்று நரியார்மேல் எரிந்து விழுந்தது.

அன்றே மெஷினைச் சுற்றி வேலி போட்டார்கள். தொழிலாளர் யாரும் பத்தடிக்குள் வரக்கூடாது, வந்தால் வேலை போய்விடும். பாட்டில் கழுவப் புது மெஷின் வந்தது, எர்த் கம்பியோடு, காலுக்கு ரப்பர் பலகையோடு. கரியமாணிக்கம் தன் அறிக்கையைத் திருத்தி எழுதினார்: மெஷினில் கரண்ட் உண்டு, ஆனால் அது முதலாளிக்கானது. பலகையில் நூறு அப்படியே நின்றது. செங்கம்மா மூன்று கிண்ணம் பாயசம் குடித்தாள்.

இப்போதும் தினமும் காலை பத்து மணிக்கு ஆலைக்குள்ளிருந்து விட்டு விட்டு ஒரு கர்ஜனை கேட்கும். அதுதான் அங்கே டீக்கு மணி.

நீதி: ஆபத்தான மெஷினைச் சரிசெய்யச் சொல்லிப் படிவம் நிரப்பாதே. அது பெரியவர்களுக்கு மட்டுமே உரியது என்று சொல்லிவிடு, அப்புறம் உன்னை யாரும் அதன் கிட்டேயே விடமாட்டார்கள்.