கிர்தாஸில் கட்டிய கச்சான்

எனக்கு அரபு தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் நானாவின், அதாவது என் அண்ணனின், கலியாணம் நடந்தது. (நடந்தது என்று இப்போது எளிதாக எழுதிவிடுகிறேன்.)

நாங்கள் கண்டி, பெண் தெல்தெனிய. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி யாரும் இல்லை என்று எங்கள் பள்ளிவாசல் முத்திரை குத்திக் கொடுக்கும் கடிதம் இருந்தால்தான் பெண் ஊர்ப் பதிவாளர் காவின் என்ற கலியாணப் பதிவை எழுதுவார். அந்தப் பள்ளிக் கடிதத்தை வாப்பா என்னிடம் தந்தார். "படிக்கிற புள்ள, பத்திரமா வெச்சிக்குவான்."

கலியாணத்தன்று வழியில் திகனயில் வேனை நிறுத்தி மாமா ஒரு பை வறுத்த கச்சான் கடலை வாங்கினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, கடதாசி எண்டு சொல்றமே, அது எங்கேந்து வந்த எண்டு தெரியுமா?"

"கடையிலேந்து" என்றார் மாமா.

விட்டேனா? கிர்தாஸ் என்ற பழைய அரபுச் சொல், இன்று அரபிகளே பேச்சில் அதை விட்டுவிட்டு வரக் என்கிறார்கள், அதைப் போர்த்துக்கேயர் எடுத்துக் கப்பல் அனுமதிச்சீட்டுக்குப் பெயராக வைத்தார்கள், அந்தச் சீட்டை முஸ்லிம் வியாபாரிகளுக்கே விற்றார்கள், பிறகு அது கடதாசியாகி நம் வாயில் வந்து விழுந்தது என்று மூச்சு விடாமல் விளக்கினேன். "சுருட்டின பொட்டலத்துக்கும் கிர்தாஸ் எண்டுதான் பேர். இப்பிடி" என்று கையிலிருந்ததைக் கூம்பாகச் சுருட்டிக் காட்டினேன். மாமா அதில் கச்சானைக் கொட்டினார். இருவரும் தின்று முடித்தோம்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். வில்லாளிகள் குறி வைக்கும் இலக்கையும் அந்தக் காலத்தில் கிர்தாஸ் என்றார்கள். அதையும் விளக்க, கூம்பைக் கசக்கி, வழியில் வந்த பாலத்தின் மேலிருந்து தண்ணீரில் கிடந்த ஒரு மரக்கட்டையைக் குறிபார்த்து வீசினேன். கிரிக்கெட்டில் ஒருநாளும் விக்கெட்டில் படாத என் எறி அன்று தப்பவில்லை. கடிதம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மிதந்தது.

பதிவாளர் கை நீட்டியபோதுதான் எனக்கு ஞாபகமே வந்தது.

"கடிதம் இல்லாம காவின் எழுத ஏலா."

நானா என் சட்டைப் பைகளைத் தானே துழாவிப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து மணப்பெண் சொல்லியனுப்பிவிட்டார்: "வேற ஊர்ல பொஞ்சாதி ஈக்கிறாவா எண்டு நல்லாக் கேளுங்க." பெண்ணின் வாப்பாவைச் சமாதானப்படுத்தப் போனவன், பதற்றத்தில், "கிர்தாஸ் எண்டா என்ன எண்டா..." என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்து கதிரையைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாமா கண்டிக்குத் திரும்பி ஓடினார். கடிதம் தருபவர் யாரோ இறந்துபோன ஒரு மையித்து வீட்டில் இருந்தாராம். இரண்டரை மணி நேரம் நானா சந்தேகத்துக்குரிய மாப்பிள்ளையாக, எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்தார். விருந்துக்கு வைத்த சஹன் சோறு ஆறிப்போனது. மாலை மஃரிபு தொழுகைக்குச் சற்று முன் புதுக் கடிதம் வந்தது, காவினும் எழுதினார்கள்.

ஆறு வருடங்களுக்குப் பிறகு என் கலியாணம். என் பள்ளிக் கடிதத்தை யாரும் என்னிடம் தரவில்லை. அன்று மணப்பெண்ணாக இருந்த மதினிதான் அதை லேமினேட் பண்ணி, தன் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். கோப்பில் கோக்கத் துளை போட முடியாமல் பதிவாளர் திணறினார்.

"என்னத்துக்கு இப்பிடிச் செஞ்சீங்க?"

"மாப்பிள்ளைக்கு அரபு தெரியும்" என்றார் மதினி.