பத்துக்கு எத்தனை என்று கேட்ட டாக்டர் அம்மாவுக்கு

புரட்டாசி, வியாழக்கிழமை

மரியாதைக்குரிய டாக்டர் அனுராதா அம்மா அவர்களுக்கு,

டயாலிசிஸ் வார்டு நாலாம் கட்டில், திங்கள் புதன் வெள்ளி காலை ஷிப்டு தங்கம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று அஞ்சாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. 'நலம்' என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நேற்று என்னிடம் கேட்டதே அதைத்தானே. அதனால் இப்போதைக்கு உங்கள் நலத்தையும், செம்மொழி சிஸ்டர் நலத்தையும், அவருடைய முழங்கால் நலத்தையும் மட்டும் விசாரிக்கிறேன். என் நலம் கீழே வருகிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

நேற்று நீங்கள் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தீர்கள். "தங்கம்மா, வாழ்க்கை வெறுத்துப்போச்சா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். சிரித்தது தப்பாகிவிட்டது போலிருக்கிறது. "திங்கக்கிழமை உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, இல்லன்னா நானே போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என் மகள் கயல்விழி ஓசூரில் பேங்கில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா போய் ஆறு மாதம்தான் ஆகிறது. இப்போதே ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் போட்டு, அம்மா சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்கிறாள். உங்க அம்மாவுக்கு வாழ இஷ்டம் இல்லை என்று ஒரு டாக்டர் வாயிலிருந்து அவள் காதில் விழுந்தால் செருப்பு மாட்டாமல் பஸ் ஏறுவாள். ஆகையால் போன் போடும் முன்பு தயவுசெய்து இதைப் படிக்கவும். முதலாவது, எனக்குச் சாக இஷ்டம் இல்லை. இரண்டாவது, நீங்கள் கையில் வைத்திருந்த தாள் நான் எழுதியது இல்லை.

அது எப்படி என்று சொல்கிறேன். மாதம் ஒரு தடவை அந்தக் கேள்வித் தாள் வருகிறதே, வலி எத்தனை, களைப்பு எத்தனை, அரிப்பு எத்தனை, எல்லாவற்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை போட வேண்டும் என்று, அதை முதல் மூன்று வருடம் நான் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் கண்ணுசாமிதான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். நீங்கள் என்னிடம் நேராகக் கேட்டாலும் அவர்தான் சொல்வார். "அவளுக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கா. காலு மட்டும் இழுக்குதுங்கிறா." எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. என் உடம்பைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுத்தான், ஓகோ கால் இழுக்கிறதா என்று நானே தெரிந்துகொள்வேன். அப்படி என் உடம்புக்கு மூன்று வருடம் பதில் சொன்ன மனுஷன் தன் நெஞ்சு வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பங்குனியில் போய்விட்டார். அவருக்கு ஒரு தாள் கொடுத்து நெஞ்சு எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால் என்ன போட்டிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. பூஜ்யம்தான் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சரி, அது போகட்டும்.

அவர் போன பிறகு மூன்று மாதம் யாரும் என்னிடம் தாளைக் கொண்டுவரவில்லை, பாவம் என்று விட்டுவிட்டார்கள். ஆடியில் செம்மொழி சிஸ்டர் கொண்டுவந்து என் வலது கையில் கொடுத்தார். 'சிறுநீரக நோயால் உங்கள் மனம் எவ்வளவு துக்கமாக இருக்கிறது?' என்று இருந்தது. நான் யோசித்தேன் டாக்டர் அம்மா. துக்கம் இருக்கிறது. ஆனால் அது சிறுநீரகத்தால் வந்தது இல்லையே. சிறுநீரகம் கெட்ட வருடம்கூட நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். 'சிறுநீரக நோயால் தூக்கம் கெடுகிறதா?' தூக்கம் கெடுகிறது, சிறுநீரகத்தால் இல்லை. 'சிறுநீரக நோயால் சாப்பிடப் பிடிக்கவில்லையா?' பிடிக்கவில்லை, ஒருத்திக்கு உலை வைக்கச் சோம்பல். அரிப்பு கேட்டிருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக் களத்தில் நெல் தூற்றினார்கள், சுணை பட்டால் யாருக்குத்தான் அரிக்காது? கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். செம்மொழி சிஸ்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, என்னைவிட நீங்க நல்லா இருக்கீங்களே!" என்றார். அந்தக் கேள்விகளை எழுதியவர் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். அவரைப் பார்த்தால் கேட்க வேண்டும், ஒரு ஆளுக்குள் எந்தத் துக்கம் எதனால் வந்தது என்று வரப்புப் போட்டுப் பிரிக்க முடியுமா என்று.

ஆவணித் தாளுக்கு நான் விசாரித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். எனக்கு இடப்பக்கம் கூத்தாநல்லூர் ஃபஹத் தம்பி, வலப்பக்கம் கோவிந்தராசு அண்ணன். "தம்பி, மூணுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஃபஹத்தைக் கேட்டேன். "மூணுன்னா வலிக்கும், ஆனா மேட்ச் பார்க்கலாம்மா. நாலுன்னா மேட்ச் ஓடும், ஸ்கோர் தெரியாது" என்றான். கோவிந்தராசு அண்ணன், "ஏழுன்னா பொண்டாட்டியத் திட்டலாம். எட்டுன்னா திட்டக்கூடத் தோணாது" என்றார். எனக்கு மேட்சும் தெரியாது, பொண்டாட்டியும் கிடையாது. நான் வயல்வேலை பார்த்தவள். நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்து படுத்தால் இடுப்பு வலிக்குமே, அது மூன்று. கயல்விழி கால் முதலில் வெளியே வந்து பிறந்தாள், அது பத்து. இந்தக் கணக்கில் உங்கள் ஊசியெல்லாம் ஒன்றரை. இனிமேல் சாகும்வரை எனக்கு எதுவும் நாலைத் தாண்டாது போலிருக்கிறதே என்று சொன்னேன். கோவிந்தராசு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா, நெல்லு கொண்டாந்து கொட்டுறவன் எவனாவது ஈரமா இருக்குன்னு சொல்லியிருக்கானா? கலகலன்னு காஞ்சிருக்குங்கன்னுதான் சொல்வான். நாங்க மனசுக்குள்ள ரெண்டு கூட்டிப்போம். இங்கயும் அதேதான். தண்ணி எவ்வளவு குடிச்சேன்னு கேட்டா ரெண்டு குறைச்சுச் சொல்லு. வலி கேட்டா ரெண்டு கூட்டிச் சொல்லு. அவங்க சரிபண்ணிப்பாங்க." அனுபவஸ்தர் சொல்கிறார் என்று நானும் கூட்டினேன். ரெண்டு போதாது என்று நாலாகவே கூட்டினேன். நீங்கள் சரிபண்ணிக்கொள்ளவில்லை, அப்படியே நம்பிவிட்டீர்கள்! நெஞ்சுக்கு ஈசிஜி எடுத்தீர்கள், காலுக்கு ஒரு டாக்டர் வந்து தட்டிப் பார்த்தார், அரிப்புக்குக் களிம்பு, தூக்கத்துக்கு மாத்திரை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை பேர் ஓடியாடுகிறார்களே என்ற மரியாதைக்காக மாத்திரையைப் போட்டேன். மறுநாள் டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும், கண்டக்டர் தோளைத் தட்டுகிறார். "எறங்கலையாம்மா? நாகூர் வந்தாச்சு." "நான் நாகூருக்கு ஏறலையே." "அதான் நானும் கேக்கறேன், ஏன் வந்தீங்க?" வந்தது வந்தோம் என்று தர்காவுக்குப் போய் நின்று, என் தாளில் இனிமேல் சரியான நம்பர் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்பினேன்.

இந்த மாதம் ஃபஹத் தம்பிதான் வழி சொன்னான். "நம்மளைப் பத்தி எழுத நமக்கு வரலம்மா. பக்கத்துக் கட்டிலைப் பார்த்து எழுதுவோம். நாலு மணி நேரம் அவங்க மூஞ்சியைத்தானே பார்த்துக்கிட்டுக் கெடக்கோம்." செம்மொழி சிஸ்டர் ஏதோ மிஷின் கத்துகிறது என்று அந்தப் பக்கம் போனதும் தாளை மாற்றிக்கொண்டோம். எனக்கு கோவிந்தராசு அண்ணன் தாள், என்னுடையது ஃபஹத்திடம், ஃபஹத்துடையது கோவிந்தராசு அண்ணனிடம். டாக்டர் அம்மா, எழுதினால் எழுதிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது! எனக்கு என் அரிப்பு தெரியவில்லை, ஆனால் அவர் முதுகைக் கட்டில் கம்பியில் தேய்ப்பது மூன்று வருடமாகத் தெரியும். அரிப்பு ஒன்பது. கோபம் பத்து. அளந்து குடிக்க வேண்டிய தண்ணீருக்கு நம்பர் போடாமல், 'துண்டுக்குள் ஐஸ் வைத்துச் சப்புகிறார்' என்று உள்ளதை எழுதினேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் அவரிடம் பேசிய பேச்சுக்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. ஃபஹத் தாளில் அவர் எழுதியது ஒரே வரி: 'பையன் நல்லா இருக்கான், கல்யாணம்தான் ஆகணும்.' ஃபஹத்துக்கு அதில் வருத்தம், அவனுக்குக் கை மரத்துப்போகிறதாம், அதை எழுதவே இல்லை. தயவுசெய்து அவன் கையைப் பார்க்கவும்.

என் தாளில் ஃபஹத் என்ன எழுதினான் என்று நீங்கள் படித்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. 'சிகிச்சையைத் தொடர விருப்பம்' என்ற இடத்தில் இரண்டு. நீங்கள் போனதும், "ஏண்டா தம்பி இப்படிப் போட்டே?" என்று கேட்டேன். "நாலு மணி நேரம் ஓடணும். நீங்க மூணு மணி நேரத்துலயே ஊசியைக் கழட்டச் சொல்லி ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு ஓடறீங்க. ஆறு மாசமா பார்க்கறேன். அப்புறம் எப்படிம்மா பத்து போடறது?" என்றான். ஆனால் அதற்குக் காரணம் பஸ் டாக்டர் அம்மா. எங்கள் ஊர் வழியாகப் போவது பத்தே முக்கால் பஸ் ஒன்றுதான், அதை விட்டால் சாயங்காலம். பஸ்ஸுக்காக எழுந்து போகிறவளை உயிர் வேண்டாம் என்று போகிறவளாக எழுதிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் குறைந்தால் உடம்பில் நீர் தங்கிவிடும், மூச்சு வாங்கும் என்று செம்மொழி சிஸ்டர் சொல்லியிருக்கிறார். வாங்கத்தான் வாங்குகிறது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுக்கிறேன். அது தாளில் இல்லை, ஏனென்றால் தலையணை எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள ஆசை. நாங்கள் போடுகிற நம்பரெல்லாம் கடைசியில் எங்கே போகிறது? நீங்கள் எல்லாவற்றையும் படிக்கிறீர்களா, அல்லது பெரிய நம்பரை மட்டும் படிக்கிறீர்களா? உங்களுக்கு எத்தனை என்று உங்களை யாராவது கேட்கிறார்களா? நேற்று நீங்கள் உட்கார்ந்தபோது ஒரு பெருமூச்சு விட்டீர்கள். நானாக இருந்தால் ஐந்து போடுவேன்.

ஆகையால் கயல்விழிக்குப் போன் போட வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், எந்தத் தாளிலும் எந்த நம்பரும் போட வேண்டிய தேவை வராமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கம்மாள்
நாலாம் கட்டில்

பின்குறிப்பு: எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பஸ் விஷயம் பொய். பன்னிரண்டுக்கும் ஒரு பஸ் இருக்கிறது, மூன்று வருடம் நானும் அவரும் அதில்தான் போனோம். மூன்று மணி நேரம் ஆனதும் அவர் டீ குடித்துவிட்டு வந்து கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, இன்னும் எவ்வளவு என்று கையால் கேட்பார். நான் ஒரு விரல் காட்டுவேன். போய்விடுவார். அவ்வளவுதான். இப்போதும் அந்த நேரம் ஆனால் கண் தானாகக் கண்ணாடிக்குப் போகிறது. யாராவது வந்து நிற்கிறார்கள். மருந்துப் பெட்டி கொண்டுவருகிறவர், வேறு கட்டிலுக்குத் துணைக்கு வந்தவர். ஒவ்வொரு முகமாக இவர் இல்லை, இவர் இல்லை என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு கிடக்க முடியவில்லை, எழுந்துவிடுகிறேன். சாக இஷ்டம் இல்லை என்பது மட்டும் எழுதியபடியே இருக்கட்டும். சுவரைப் பார்த்த கட்டில் ஒன்று கொடுத்தால் நாலு மணி நேரமும் இருந்து பார்க்கிறேன். கயல்விழிக்குப் போன் போடுங்கள். அவள் வந்தால் கதவுக்கு வெளியே நிறுத்த வேண்டாம், உள்ளே என் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.