அனுமதி பெறாத மலை

சர்க்கார் கணக்கில் இல்லாத ஒன்று உலகத்திலும் இருக்கக் கூடாது என்பது விதி. கல்வராயன்மலைமேல் கடுக்கம்பட்டு என்ற ஊர் அந்த விதியை மதிக்காமல் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. அங்கே செங்கம்மாளும் அவள் புருஷன் மாதனும் சாமை விதைப்பார்கள், அறுப்பார்கள், மலையிறங்கிப் போய்ப் பட்டாவுக்கு மனுக் கொடுப்பார்கள், மறுபடி ஏறி வந்து விதைப்பார்கள். மேற்படி இடம் காட்டு ஆபீஸைச் சேர்ந்தது என்று நில ஆபீஸும், நில ஆபீஸைச் சேர்ந்தது என்று காட்டு ஆபீஸும் பதில் எழுதும். செங்கம்மாளைச் சேர்ந்தது என்று மட்டும் யாரும் எழுதியதில்லை.

இதற்கிடையில் டிஜிட்டல் மோகம் வந்தது. மேடு பள்ளங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கென்று 'உயர மின்பதிவுப் பிரிவு' தொடங்கினார்கள். அதன் சிறப்பு அலுவலர் தங்கதுரை, மலையின் உயரத்தைக் காட்டு ஆபீஸில் கேட்டார். நில ஆபீஸில் கேட்கச் சொன்னார்கள். நில ஆபீஸில் கேட்டார். காட்டு ஆபீஸில் கேட்கச் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்திருக்கும், ஆனால் ஏ.சி. வீணாகுமே! கட்டத்தைக் காலியாக விட்டார். காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. வேலையை முதலில் முடித்தவர் என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அந்த வரைபடத்தை நம்பித்தான் சேலத்துக்குப் போன விமானம் ஒன்று மேகத்துக்குள் இறங்கியது. 'சேலம் வந்துவிட்டது, கீழே சமதரை' என்றது கருவி. விமானி கருவியை நம்பினார். விமானம் செங்கம்மாளின் சாமைக் கொல்லையில் வழுக்கிக்கொண்டு போய், ஒரு ரக்கையை மடக்கி, பலா மரத்தில் மூக்கை வைத்து நின்றது. நல்லவேளையாக எல்லாரும் பிழைத்தார்கள், ஒருவருக்கு மட்டும் கை முறிந்தது. பழக்க தோஷத்தில் பணிப்பெண், "சேலம் உங்களை அன்புடன் வரவேற்கிறது" என்று அறிவித்தாள்.

பெட்டியோடு இறங்கிய ஒருவர் செங்கம்மாளிடம், "புது பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிம்மா போகணும்?" என்று கேட்டார்.

"மலைய வுட்டு எறங்குங்க. அப்பால எந்த ஊருக்கும் பஸ் கெடைக்கும்."

"மலையா? போன்ல சமதரைன்னு காட்டுதே!" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

செங்கம்மாள் கொல்லையைச் சுற்றிவந்து கணக்குப் போட்டாள். அறுவடைக்கு நின்ற சாமையில் பாதி விமானத்துக்கு அடியில். மீதிப் பாதி முற்றிப்போய் நிற்கிறது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் மணி முழுக்க மண்ணில் கொட்டிவிடும், அப்புறம் வருஷம் முழுக்க வீட்டில் சோறு இல்லை. போலீஸோ கொல்லையைச் சுற்றி நாடா கட்டி, யாரும் உள்ளே வரக் கூடாது என்றது.

விசாரணைக்குத் தங்கதுரையையே நியமித்தார்கள். போனில் வழி சொல்லும் பெண்மணியை நம்பிக் கிளம்பியவர், முதலில் சங்கராபுரம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் போய் நின்றார். 'நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது' என்று அந்த அம்மாள் சொன்னதால், இறங்கிக் கரும்புக்குள் விமானத்தைத் தேடவும் செய்தார். கடுக்கம்பட்டுக்கு அவர் வந்து சேர்ந்தது மறுநாள்.

"சார், பாதிக் கதிரு நிக்குது. மழ வர்றதுக்குள்ள அறுத்துக்கறேன் சார்," என்றாள் செங்கம்மாள்.

"எந்தக் கதிரும்மா?"

"தோ, மிதிச்சிக்கினு நிக்கிறீங்களே, அதான் சார்."

தங்கதுரை காலைப் பார்க்கவில்லை, கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். "இங்க உனக்கு நெலமே இல்லியேம்மா. நெலம் இல்லாம கதிர் எப்படி நிக்கும்?"

"கரியராமர் மேல சத்தியமா என் நெலம் சார்."

அந்த மலையில் எல்லைத் தகராறெல்லாம் கரியராமர் கோயில் படியைத் தொட்டால் தீர்ந்துவிடும். அந்தப் படியைத் தொட்டு யாரும் பொய் சொன்னதில்லை. சொன்னால் வம்சம் விளங்காது என்று பயம்.

"சத்தியத்தையெல்லாம் ஸ்கேன் பண்ண முடியாதும்மா," என்றார் தங்கதுரை.

அப்போது மேலிடத்திலிருந்து போன் வந்தது. விமானம் எதில் மோதியது என்று உடனே எழுதித் தரச் சொன்னார்கள். மலை இருக்கிறது என்றால் அவர் பதிவு தப்பு. மலை இல்லை என்றால் விமானம் எதில் மோதியது? பலா மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். ஞானம் பிறந்தது. பதிவு செய்தபோது மலை இல்லை. ஆகவே மலை பிற்பாடு எழுப்பப்பட்டிருக்கிறது. அனுமதி வாங்கியதாகத் தகவல் இல்லை. ஆகவே அது சட்டவிரோதக் கட்டுமானம். இனி அதற்கு ஓர் உரிமையாளர் கிடைத்தால் போதும்.

"ஏம்மா, இந்த மலை யாருது?"

"சாமியுது சார்."

"சாமிக்கு நோட்டீஸ் கொடுக்க முடியாது. நெலம் உன்னுதுன்னியே, அப்ப அதுக்கு அடியில இருக்கிற மேடு?"

மாதன் அவள் முந்தானையை இழுத்தான். "வாய வுடாதமே."

"பட்டா குடுத்தா மேடும் என்னுதுதான் சார்," என்றாள் செங்கம்மாள்.

"சத்தியமா?"

"கரியராமர் மேல சத்தியமா!"

"சத்தியத்தின் பேரில் உறுதி செய்யப்பட்டது," என்று தங்கதுரை டேப்லெட்டில் தட்டினார்.

மூன்று தலைமுறை நடந்தும் கிடைக்காத பட்டா அன்றைக்கே ஜீப் பானட்டின் மேல் கையெழுத்தானது. கூடவே ஒரு நோட்டீஸும் வந்தது: 'மேற்படி செங்கம்மாள் என்பவர் உரிய அனுமதியின்றித் தமது பட்டா நிலத்தில் மலை எழுப்பி, வான்வழிப் போக்குவரத்துக்கு இடையூறு விளைவித்துள்ளபடியால், மேற்படி உயரத்தைத் தமது சொந்தப் பொறுப்பில் அகற்றித் தரையைச் சமன் செய்ய வேண்டியது.'

"அய்யோ, மலைய எங்கமே தூக்கினு போய்ப் போடறது?" என்று மாதன் தலையில் கை வைத்தான்.

"அது கெடக்கு. பட்டா வந்துச்சா இல்லியா?" என்றவள் அலுவலரிடம் திரும்பினாள். "இப்ப அறுக்கலாமா சார்?"

"தாராளமா. மலைய மேலேருந்துதான எடுக்கணும்? மொதல்ல கதிர எடு."

விஷயம் ஊருக்குள் பரவிற்று. அரை மணி நேரத்துக்குள் கடுக்கம்பட்டு முழுக்க ஜீப்புக்கு முன்னால் வரிசையில் நின்றது.

"சார், ரக்கை என் கொல்லைய ஒரசிக்கினுதான் போச்சு. நானும் குத்தவாளிதான் சார்," என்றான் பழனி. அவன் கொல்லை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"அவனுதுல மேடு கம்மி சார், என்னுதுலதான் ஜாஸ்தி. அதப் பாத்துதான் பைலட்டு பயந்துட்டாரு," என்றாள் கமலா.

எல்லாரும் ஓடிப்போய்க் கரியராமர் படியைத் தொட்டுவிட்டு வந்தார்கள். வம்சம் விளங்குமா என்பதைப் பட்டா வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

"ஒரு விமானத்துக்கு ஒரு குற்றவாளிதான். அடுத்தது வந்தா பாக்கலாம்," என்றார் தங்கதுரை. பிறகு டேப்லெட்டைத் திறந்து, 'ஆக்கிரமிப்பு உயரம் அகற்றப்பட்டது' என்று பதிந்து, கட்டத்தில் பூஜ்யத்தைத் தம் கையாலேயே போட்டுவிட்டு, போன் அம்மாள் காட்டிய வழியில் இறங்கிப் போனார்.

செங்கம்மாள் அரிவாளோடு கொல்லையில் இறங்கினாள். நாலு கைப்பிடி அறுத்து அரி போட்டிருப்பாள். மேகத்துக்குள் இரைச்சல் கேட்டது. இன்னொரு விமானம், மிகவும் தாழ்வாக வந்துகொண்டிருந்தது.

ஊரே சிட்டாய்ப் பறந்தது. ஆளுக்கொரு கொல்லையில் நின்று துண்டையும் புடவைத் தலைப்பையும் வீசினார்கள். "இங்க! இங்க வாங்க சார்! நம்ம கொல்ல சார்!"

செங்கம்மாளும் அரிவாளை ஓங்கி வீசினாள். அவள் மட்டும் வேறு மாதிரி கத்தினாள்.

"ஏய், மேல போ! இது பட்டா நெலம்! பட்டா இல்லாதவங்க கொல்லையில போய் வுழு!"