நடுத்தாள்

போடிநாயக்கனூர் மக்கள் ஒரே மாதிரிப் புத்தகங்களைப் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்பது ஒருநாள் மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. கதை படிப்பவர்கள் கதையே படித்தார்கள். சோதிடம் படிப்பவர்கள் சோதிடமே படித்தார்கள். ஏலக்காய் வியாபாரிகள் பேப்பரில் விலை போட்டிருக்கும் மூலையை மட்டும் படித்துவிட்டு, மீதியை வடை மடிக்கக் கொடுத்தார்கள். இதனால் வட்டாரத்தின் அறிவு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதாக ஊர்ப்புற வாசிப்புச் சமநிலை இயக்ககம் கண்டறிந்தது. சாய்ந்ததை நிமிர்த்த லிங்கேஸ்வரன் என்பவர் தனி அலுவலராக நியமிக்கப்பட்டார்.

இந்தச் சாய்வைப் பற்றி அனுசியாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு நாவலின் இரண்டாம் பாகம்.

அனுசியா விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். ஜீப்பில் படிக்க முடியாது; கொண்டை ஊசி வளைவில் எழுத்தும் வயிறும் சேர்ந்து புரளும். மத்தியானம் சோறு தின்றபின் ஷெட்டில் உட்கார்ந்து அவள் சத்தமாகப் படிப்பாள், மற்றப் பெண்கள் கேட்பார்கள். நாவலின் முதல் பாகம் முடிந்த இடம்தான் வம்பாகிவிட்டது. பூங்கோதை என்கிற பெண், புருஷன் வீட்டில் பொறுக்க முடியாமல் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள். இந்தப் பக்கம் ஆத்தா ஊருக்குப் போகிற பஸ். அந்தப் பக்கம் புருஷன் ஊருக்கே திரும்புகிற பஸ். இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அடுத்த தாளைப் புரட்டினால் பின்னட்டை.

அன்றோடு ஜீப்பு இரண்டாகிவிட்டது. பூங்கோதை புருஷனிடம்தான் போவாள் என்றாள் மாயக்காள். அவள் ஒருகாலத்தில் அப்படித் திரும்பிப் போனவள். ஆத்தா வீட்டுக்குத்தான் போவாள் என்றாள் முத்துப்பேச்சி. அவள் திரும்பிப் போகாதவள். ஒரே தூக்குவாளியில் குழம்பு ஊற்றிக்கொண்ட இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஜீப்பில் இருவருக்கும் நடுவில் உட்காருகிறவள் அனுசியா. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பக்கத்து முழங்கையும் அவள் விலாவில்தான் வந்து இறங்கின. இரண்டாம் பாகம் வந்தால்தான் விலா தப்பும்.

ஞாயிற்றுக்கிழமை நூல் நிலையத்துக்குப் போனாள். அலமாரிகள் காலியாக இருந்தன. தரையெங்கும் காக்கித்தாள் சுற்றிய பொட்டலங்கள், சணல் கட்டி அரக்கு வைத்துக் கிடந்தன. நூலகர் பிரபு நடுவில் பசைச் சட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, ரெண்டாம் பாகம் வந்துச்சா?”

“வந்துருச்சுக்கா. இதுல ஏதோ ஒண்ணுக்குள்ள இருக்கு.”

“எதுக்குள்ள?”

“அதை நான் சொல்லக் கூடாதுக்கா. நீங்களாக் கண்டடையணும்.”

விஷயம் இதுதான். லிங்கேஸ்வரன் ஏதோ ஒரு பெரிய ஊரின் காப்பிக் கடையில் காகிதம் சுற்றிய புத்தகங்களைப் பார்த்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்கிப் பிரித்து, முகத்தில் ஆச்சரியம் காட்டிப் படம் எடுத்துக்கொள்வது அங்கே நாகரிகம். அதையே அவர் திட்டமாக்கிவிட்டார். ஒவ்வொரு பொட்டலத்திலும் கதை ஒன்று, கதையல்லாதது ஒன்று. பாதிக்குப் பாதி. பெயர் சொல்லிக் கேட்பது வாசகரின் கண்டடையும் உரிமையைப் பறிப்பதாகும் என்று சுற்றறிக்கை சொல்லியது. வகை பிரிப்பதில் மட்டும் பிரபுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பழைய தலைவர் ஒருவரின் தன்வரலாற்றை எதில் சேர்ப்பது என்று எழுதிக் கேட்டான். உள்ளூர்ச் சூழ்நிலைக்கேற்ப முடிவு செய்க என்று பதில் வந்தது. அவன் அதை ஒருவாரம் இதிலும் மறுவாரம் அதிலும் வைத்தான்.

அனுசியா கண்டடைந்தது ஒரு ராஜகுமாரன் கதையும் வெண்பன்றி வளர்ப்பும். வேறு வழியில்லாமல் ஷெட்டில் அவற்றையே படித்தாள். ராஜகுமாரனைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வெண்பன்றியைக் கடைசிவரை கேட்டார்கள். அதில் யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஜீப்பில் முழங்கைகள் நிற்கவில்லை.

திட்டம் படுத்துவிடும் போலிருந்த சமயத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர் பால்பாண்டி. ஏலக்காய் வியாபாரி, காலையில் பேப்பர் பார்க்க வருகிறவர். லிங்கேஸ்வரன் ஆய்வுக்கு வந்த அன்று, பொட்டலம் எடுக்கச் சொன்னதற்கு அவர் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

“மூட்டையைக் குத்திச் சாம்பிள் பார்க்காம எவன் சார் சரக்கெடுப்பான்?”

“இது புத்தகம் ஐயா.”

“எதுவானா என்ன. மேலாகப் பச்சைக்காயைப் பரப்பி அடியில சருகைத் திணிக்கறது நேத்தா இன்னைக்கா? முன்னாடியும் பின்னாடியும் வேணாம். நடுவுல குத்தி எடுத்துக் காட்டச் சொல்லுங்க.”

மக்கள் பங்கேற்பு என்று கோப்பில் ஒரு கட்டம் நெடுநாளாகக் காலியாக இருந்ததால் லிங்கேஸ்வரன் மகிழ்ந்துபோனார். ஒவ்வொரு நூலின் நடுவிலிருந்தும் ஒரு தாள் சாம்பிளாக எடுத்துத் தட்டில் வைக்க ஆணை பிறந்தது. பிரபு பிளேடால் அறுத்து அறுத்து வைத்தான்.

அதற்குப் பிறகு கூட்டம் தாங்கவில்லை. ஏலக்கூடத்தில் தட்டில் வரும் காயை உருட்டி, ஒன்றை உடைத்து மோந்து பார்த்துவிட்டு மிச்சத்தைக் கீழே கொட்டுவது போடி வழக்கம். அதே கையால் தாளையும் எடுத்தார்கள், வெளிச்சத்தில் பிடித்தார்கள், கசக்கிப் பார்த்தார்கள், கீழே போட்டார்கள், அடுத்த தட்டுக்குப் போனார்கள். பொட்டலம் எடுத்துப் போனவர்கள் சொற்பம். ஆனால் வருகை எண்ணிக்கை மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. பிரபுவுக்குத் தாள்களைப் பெருக்கி அள்ளுவதே சோலியாகிவிட்டது.

ஒரு ஞாயிறு அவன் மனசு கேளாமல், ஒரு பொட்டலத்தைக் காலால் அனுசியா பக்கம் தள்ளினான். சுற்றறிக்கையில் காலைப் பற்றி ஒன்றுமில்லை. பிரித்தால் இரண்டாம் பாகம்.

எழுதியவர் லேசில் பஸ்ஸை விடுகிற ஆளாயில்லை. பூங்கோதையின் தாத்தா கிணறு வெட்டியதிலிருந்து ஆரம்பித்தார். ஷெட்டில் பல மத்தியானங்கள் கிணறு வெட்டினார்கள். கடைசியில், புத்தகத்தின் சரிபாதியில், பஸ் ஸ்டாண்டு வந்தது. மாயக்காள் சோற்றுக் கையைக் கழுவாமலே கேட்டாள். அனுசியா படித்தாள்: “பூங்கோதை பெட்டியைக் கையில் எடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து” என்று பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம், “அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது” என்று தொடங்கியது. மீதிப் புத்தகம் முழுக்க அவள் தங்கச்சி கல்யாணம்.

நடுத்தாள் இல்லை.

முத்துப்பேச்சிதான் முதலில் சொன்னாள், அனுசியா வேணுமென்றே கிழித்துவிட்டாள் என்று. மாயக்காளும் அதையே நினைத்தது முகத்தில் தெரிந்தது. அன்று இறங்கும்போது முழங்கைகள் இன்னும் கூராக இருந்தன.

அடுத்த ஞாயிறு அனுசியா பால்பாண்டியைப் பிடித்தாள். எல்லாத் தட்டையும் பார்த்தவர் அவர்தான்.

“அண்ணே, பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணு நிப்பாளே, அந்தத் தாளு உங்க கையில வந்துச்சா?”

“வந்துச்சு ஆத்தா. நல்ல கனம். மஞ்சளே தட்டலை.”

“அவ எந்த பஸ்ல ஏறுனா?”

“தாளைப் பார்த்தேன்னேன். படிச்சேன்னா சொன்னேன்?”

பெருக்கிய தாள்களை எரிக்க முடியாது, அரசுச் சொத்து. எனவே அவற்றை அள்ளிய வரிசையிலேயே தைத்து, ஒவ்வொரு தாளிலும் இயக்ககத்தின் ரப்பர் சீல் குத்தி, ‘அறிவுக் கலவை’ என்று பெயர் போட்டு, தன் முன்னுரையும் படமும் சேர்த்து ஒரே நூலாக்கியிருந்தார் லிங்கேஸ்வரன். அதில் கொலைகாரன் கத்தியை ஓங்கினான்; அடுத்த தாள் வாழையின் பக்கக் கன்றுகளைத் தரையோடு அறுக்கச் சொன்னது. கதையும் கதையல்லாததும் இவ்வளவு சமமாகக் கலந்த நூல் உலகில் வேறில்லை என்று, அன்றே நூல் நிலையத்தில் நடந்த வெளியீட்டு விழாவில் பேசினார். சால்வைகள் போர்த்தப்பட்டன. பிறகு சாதாரண வாசகர் ஒருவர் ஒரு பக்கம் படிக்கட்டும், படம் எடுக்க வேண்டும் என்றார். சாதாரண வாசகராக அனுசியா எழுந்து போனாள்.

அவள் புரட்டிய வேகத்தைப் பார்த்து, எவ்வளவு ஆர்வம் என்று லிங்கேஸ்வரன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். கடைசியில் தாள் கிடைத்தது. அவள் படித்தாள். பூங்கோதை இரண்டு பஸ்ஸையும் தாண்டி நடக்கிறாள். எதிரிலிருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிறாள். இரண்டு பஸ்ஸும் போய்விடுகின்றன. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கடைக்காரம்மாவிடம் வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கிறாள். அடுத்த தாள் மூலநோய்க்கான மருந்து. அதையும் படிக்கச் சொன்னார்கள். பலத்த கைதட்டல்.

கலவை வெளியே கொடுக்கப்படாத நூல். மறுநாளே விருதுக்காகத் தலைநகர் போகவிருந்தது. அனுசியா தாளின் இரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஷெட்டில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிப் படித்தாள். மாயக்காள் போனை வாங்கி, கண்ணருகே கொண்டுபோனாள்.

“மூலையில என்னத்தா அது, வட்டமா?”

“ஆபீசு சீலு.”

“எம் புருசன் செத்துட்டான்னு வந்த காயிதத்துலயும் இதே சீலுதான். மனுசன் கீழ வீட்டுல உக்காந்து களி தின்னுக்கிட்டு இருக்கான்.”

“அதானே,” என்றாள் முத்துப்பேச்சி. நெடுநாளைக்குப் பிறகு மாயக்காளின் பேச்சுக்கு அவள் சொன்ன முதல் பதில் அது. “ஆபீசரு மாத்தி எழுதிருப்பாரு மதினி. ரெண்டு பஸ்சு வந்து நிக்கையில எவ டீ குடிப்பா?”

இருவரும் சேர்ந்து அனுசியாவைப் பார்த்தார்கள். அரசாங்கம் சொல்வது இருக்கட்டும், நெசத்தைச் சொல்லு என்றார்கள்.

அனுசியா விலாவைத் தடவிக்கொண்டு யோசித்தாள். மறுநாள் மலை ஏறும்போது, மாயக்காள் பக்கம் திரும்பி, பூங்கோதை புருஷன் ஊர் பஸ்ஸில் ஏறியதைச் சொன்னாள். சாயங்காலம் இறங்கும்போது, முத்துப்பேச்சி பக்கம் திரும்பி, ஆத்தா ஊர் பஸ்ஸில் ஏறியதைச் சொன்னாள். ஏறும்போது முத்துப்பேச்சி தூங்கிவிடுவாள். இறங்கும்போது மாயக்காள் தூங்கிவிடுவாள். குழம்பு மறுபடி ஒரே வாளிக்கு வந்தது. நாளாக ஆக இரண்டு பயணமும் நீண்டு, பூங்கோதைக்கு அங்கே ஒரு பிள்ளையும் இங்கே ஒரு பிள்ளையும் பிறந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். பிரபு வாங்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, அந்தப் பொண்ணு எந்த பஸ்லதான் போனா?”

“ஏன் தம்பி, தாளை அறுத்தவன் நீதானே. அன்னைக்கு விழாவுல நான் படிச்சப்ப மைக்கைப் பிடிச்சிருந்ததும் நீதானே.”

“அதான்க்கா, கவனிக்கலை.”

“கதை வேணுமா, கதையல்லாதது வேணுமா?”

பிரபு சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“பாதிக்குப் பாதி சொல்லுங்கக்கா. இல்லாட்டி ரிஜிஸ்டர்ல பதிய முடியாது.”